காசிமேடு வலையில் சிக்கும் ராட்சத மீன்... சுனாமி அறிகுறியா? மீனவர்கள் என்ன செய்யணும்?

காசிமேடு துறைமுகத்தில் வஞ்சிரம், சூரைக்கு நடுவே எப்போதாவது ஒரு ராட்சத மீன் கரைக்கு வந்துவிடும். உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், அகன்ற வாய், படகு அளவுக்கு நீளம். அடுத்த நிமிஷமே செல்போன்கள் வெளியே வரும். "கடலுக்கு ஏதோ ஆகப்போகுது" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ பறக்கும். உண்மையில் இது என்ன? ஏன் வருகிறது? பார்க்கலாம்.

திமிங்கலமா, சுறாவா?

பெயர் திமிங்கலச் சுறா. ஆனால் திமிங்கலம் இல்லை, சுறாதான். தென் மாவட்டங்களில் உடும்பன் சுறா என்பார்கள். உலகிலேயே பெரிய மீன் இதுதான். 18 மீட்டர் வரை வளரும். மனிதர்களைக் கடிக்காது. வாயைத் திறந்தபடி நீந்தி, மிதவை உயிரிகளையும் சின்ன மீன்களையும் சலித்துச் சாப்பிடும்.

அடையாளம் காண எளிய வழி, வால். திமிங்கலத்தின் வால் படுக்கையாக இருக்கும், மேலும் கீழுமாக அடிக்கும். சுறாவின் வால் செங்குத்தாக நிற்கும், பக்கவாட்டில் அசையும்.

வடசென்னைக் கடலுக்கு ஏன் வருது?

சாப்பாடுதான் முக்கியக் காரணம். மிதவை உயிரிகளும் பொடி மீன்களும் எங்கே பெருகுதோ, அங்கே இதுவும் வரும். சூரை மீன் கூட்டத்தோடு சேர்ந்தும் சுற்றும். மீனவர்கள் வலை போடுவதும் அதே சூரைக்குத்தான். அப்புறம் செவுள் வலையில் சிக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு ஆபத்து, கப்பல்கள். சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் இந்தச் சின்னப் பரப்பில் இருக்கின்றன. திமிங்கலச் சுறா நீர்மட்டத்தில் மெதுவாக நீந்தும் மீன். உலகம் முழுவதும் கருவி பொருத்திய சுமார் 350 திமிங்கலச் சுறாக்களை வைத்து 2022ல் வெளியான ஆய்வு, அவை நடமாடும் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பெரிய கப்பல்களும் போய் வருவதாகச் சொன்னது.

சுனாமி அறிகுறியா?

இல்லை. 2025ல் தமிழக மீனவர்கள் வலையில் துடுப்பு மீன் சிக்கியபோதும் "பேரழிவு மீன்" என்று வதந்தி கிளம்பியது. ஜப்பானிலும் இதே நம்பிக்கை உண்டு. அங்கே ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 சம்பவங்களை 221 நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது ஒன்றே ஒன்று. 2019ல் வெளியான ஆய்வு இது. 2004 சுனாமியைக் கண்ணால் பார்த்த குப்பங்களில் இப்படி ஒரு வீடியோ எவ்வளவு பயத்தைக் கிளப்பும் என்பதை ஃபார்வர்டு செய்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

பிடித்தால் ஜெயிலா?

2001 முதல் திமிங்கலச் சுறா, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானைக்கு என்ன பாதுகாப்போ அதேதான் இதற்கும். வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இது குட்டி போடும் நிலைக்கு வரவே 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்ப ஒரு தலைமுறை வேண்டும்.

வலைக்கு யார் காசு கொடுப்பது?

மீனவர்களின் நியாயமான கேள்வி இதுதான். மீனை விட வலையை அறுக்க வேண்டும். வலை போனால் அன்றைய பாடு மட்டுமல்ல, முதலும் போச்சு.

இதற்கு குஜராத்தில் ஒரு வழி கண்டார்கள். ஒரு காலத்தில் ஈரல் எண்ணெய்க்காக இந்த மீனை வேட்டையாடிய கடற்கரை அது. 2004ல் விழிப்புணர்வுப் பிரசாரம் தொடங்கியது. "பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் இவள்" என்று ஆன்மிகப் பேச்சாளர் மொராரி பாபு சொன்னது மீனவர்கள் மனதைத் தொட்டது. கூடவே, அறுத்த வலைக்கு அரசு நிவாரணம் கொடுத்தது. மீனை விடுவிப்பதைப் படகிலேயே போட்டோ எடுத்துக் காட்டினால் போதும். இதுவரை 900க்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் அங்கே உயிரோடு கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. சட்டத்தோடு நஷ்ட ஈடும் சேர்ந்தபோதுதான் பலன் கிடைத்தது.

சிக்கினால் என்ன செய்யணும்?

* இன்ஜினை நிறுத்துங்கள். மீனைப் படகில் ஏற்றாதீர்கள்.
* வாலில் கயிறு கட்டிக் கரைக்கு இழுக்காதீர்கள்.
* செவுளைத் தொடாமல், வலையை மட்டும் அறுத்து விடுங்கள்.
* மேலே ஏறி செல்ஃபி வேண்டாம். விடுவிப்பதைப் பதிவு செய்து வையுங்கள்.
* செத்த நிலையில் கிடைத்தால் வெட்டவோ விற்கவோ கூடாது. வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.
* கடலில் உதவிக்கு: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093.