பத்தைப் பிரித்து நாற்பது வாங்கலாமா?

10-ஐ இரண்டு பங்காகப் பிரியுங்கள். இரண்டையும் பெருக்கினால் 24 வரவேண்டும். 6, 4 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். 21 வேண்டுமென்றால் 7, 3. சரி, 40 வேண்டுமென்றால்?

9-ஐயும் 1-ஐயும் பெருக்கினால் 9. 8, 2 என்றால் 16. 5, 5 என்றால் 25. அதற்குமேல் ஏறமாட்டேன் என்கிறது. பின்னங்களைப் போட்டுப் பார்த்தாலும் 25-ஐத் தாண்டாது. காரணம் எளிது. 10-இல் பாதி 5. ஒரு பங்கு 5-ஐவிட எவ்வளவு கூடுகிறதோ, மற்றது அவ்வளவு குறையும். அந்த அளவை விலகல் என்போம். அப்படியானால் பெருக்கல் பலன், 25-இலிருந்து விலகலின் வர்க்கத்தைக் கழித்தால் வருவது. 24 வேண்டுமா? விலகலின் வர்க்கம் 1; விலகலும் 1; பங்குகள் 6, 4. இருபடிச் சமன்பாட்டுக்குப் பாடநூலில் ஒரு நீளமான சூத்திரம் வருமே, அதற்குள் நடப்பதும் இவ்வளவுதான்: பாதியைக் கண்டுபிடி, விலகலைக் கண்டுபிடி, ஒருமுறை கூட்டு, ஒருமுறை கழி. இதைப் புரிந்துகொண்டால் சூத்திரம் மறந்துபோனாலும் பயமில்லை.

இப்போது 40. 25-இலிருந்து எதைக் கழித்தால் 40 வரும்? −15-ஐக் கழித்தால் வரும். ஆக, விலகலின் வர்க்கம் −15. இங்கேதான் சிக்கல். மிகை எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் மிகை எண்தான் வரும். குறை எண்ணை அதே எண்ணால் பெருக்கினாலும் மிகை எண்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் கர்நாடகப் பகுதியில் வாழ்ந்த மகாவீரர், குறை எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது என்று தம் ‘கணித சார சங்கிரக’த்தில் சொல்லிவிட்டார். நாம் அன்றாடம் புழங்கும் மெய்யெண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது இன்றைக்கும் சரி.

1545-இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் வெளியான ‘ஆர்ஸ் மாக்னா’ என்ற நூலில் இதே 10, 40 கணக்கு வருகிறது. எழுதியவர் ஜெரோலாமோ கார்டானோ. மருத்துவர், சூதாட்டத்திலும் கெட்டிக்காரர். மனம் உறுத்தினாலும் அவர் விடையை எழுதினார்: 5 + √−15, 5 − √−15. கூட்டிப் பாருங்கள், 10. பெருக்கினால் 25-இலிருந்து −15-ஐக் கழிக்கவேண்டும், 40! கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இதனால் பயன் ஒன்றுமில்லை என்று அவரே முடித்துவிட்டார்.

பயன் இருக்கிறது என்று காட்டியவர் ரஃபேல் பொம்பெல்லி. சதுப்பு நிலங்களில் தண்ணீரை வடியவைக்கும் பொறியாளர் அவர். 1572-இல் வந்த அவருடைய நூலில் ஒரு கணக்கு: ஓர் எண்ணின் கனம், அந்த எண்ணின் 15 மடங்கோடு 4 சேர்ந்ததற்குச் சமம். அந்த எண் எது? 4. அதன் கனம் 64. 15 நான்குகள் 60, அதோடு 4 சேர்ந்தால் 64. ஆனால் முப்படிச் சமன்பாட்டுக்கு அப்போதிருந்த சூத்திரத்தைப் போட்டால் நடுவழியில் √−121 வந்து நிற்கிறது. 2 + √−121, 2 − √−121 இரண்டின் கனமூலங்களையும் கண்டுபிடித்துக் கூட்டு என்கிறது சூத்திரம்.

பொம்பெல்லி விடவில்லை. 2 + √−1 என்பதன் கனத்தைக் கண்டார். நீங்களும் பென்சிலை எடுங்கள். அதன் வர்க்கம் 4 + 4√−1 − 1, அதாவது 3 + 4√−1. அதை மறுபடி 2 + √−1-ஆல் பெருக்கினால் 6 + 11√−1 − 4, அதாவது 2 + 11√−1. 11√−1 என்பதுதான் √−121! ஆக, ஒரு கனமூலம் 2 + √−1. இன்னொன்று 2 − √−1. இரண்டையும் கூட்டினால் √−1 அடிபட்டுப்போய் 4 மிஞ்சுகிறது. மெய்யான விடைக்குப் போகும் வழியிலேயே இந்த ‘இல்லாத’ எண் இருந்திருக்கிறது. கணக்கின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, √−1-ஐ எண்கோட்டில் எங்கே வைப்பது? கோட்டின்மேல் இடமில்லை, கோட்டுக்கு வெளியே வைக்கலாம் என்றார் காஸ்பர் வெஸ்ஸல். நார்வேயில் பிறந்து டென்மார்க்கில் வேலை பார்த்த நில அளவையாளர். 1797-இல் டென்மார்க்கின் அறிவியல் கழகத்தில் இது முன்வைக்கப்பட்டது. 3-ஐ −1-ஆல் பெருக்கினால் −3. அதாவது பூஜ்யத்தைச் சுற்றி 180 பாகை திரும்பி, எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. √−1-ஆல் இரண்டு முறை பெருக்கினால்தான் −1-ஆல் பெருக்கியதாகும். அப்படியானால் ஒருமுறை பெருக்கினால் பாதித் திருப்பம், 90 பாகை. ஆகவே √−1-இன் இடம் பூஜ்யத்துக்கு நேர்மேலே, ஓர் அலகு உயரத்தில்.

வரைபடத்தாளில் வலப்பக்கம் 3, மேலே 2 எண்ணிப் புள்ளி வையுங்கள். அது 3 + 2√−1. இதை √−1-ஆல் பெருக்கினால் −2 + 3√−1. அந்தப் புள்ளியையும் குறித்து, இரண்டையும் பூஜ்யத்தோடு கோடு போட்டு இணைத்துப் பாகைமானியை வையுங்கள். சரியாக 90 காட்டும்.

இந்தத் தாளிலுள்ள புள்ளிகள் எல்லாமே கலப்பெண்கள். 7 என்பதும் 7 + 0√−1 என்ற கலப்பெண்தான். மெய்யெண்கள் எங்கும் போய்விடவில்லை; தாளின் குறுக்கே ஒரே கோடாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் இழக்கிறோம்: கோட்டில் எந்த எண் பெரியது என்று கேட்கலாம், தாளில் 3 + 2√−1 பெரியதா, 2 + 3√−1 பெரியதா என்று கேட்டால் பதில் கிடையாது.

மேல் வகுப்புகளில் √−1 என்று எழுதாமல் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். அது ஆய்லர் தொடங்கிவைத்த பழக்கம்.

உங்களுக்கு ஒரு கணக்கு. 6-ஐ இரண்டு பங்காகப் பிரிக்கவேண்டும். பெருக்கினால் 13 வரவேண்டும். பாதி 3 என்பதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு விடைகளையும் வரைபடத்தாளில் குறித்து, ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள்.