பாத் நகரில் இருநாள்

ஊர் காணச் செல்வாருட் பலர் கண்டவற்றின் தொகையை எண்ணி மகிழ்வர். ஆயின், மீண்ட பின்னர் அவருள்ளத்தில் நிற்பது சிறிதே. சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களே கையில் உடையார்க்கு இக்குறை பின்னும் மிகும். ஆதலின், காணவேண்டியவற்றை ஓர் ஒழுங்கில் நிறுத்திக் காண்டலே தக்கது. அவ்வொழுங்கு யாதென்பதை, இங்கிலாந்தின் மேற்றிசையில் ஏவன் ஆற்றங்கரைக்கண் உள்ள பாத் என்னும் வெந்நீரூற்று நகரைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

இலண்டன் பாடிங்டன் நிலையத்தினின்றும் இருப்புப்பாதை வழியாக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் இந்நகரை அடையலாம். யாம் ஈண்டுக் கூறும் இடங்கள் யாவும் நடந்து செல்லும் எல்லைக்குள் இருத்தலின் ஊர்தி வேண்டுவதில்லை. சனியிரவில் அறை வாடகை மிகுமாதலின், தங்குமிடத்தை முன்னரே உறுதி செய்துகொள்ளல் நன்று.

இந்நகர் எம்முறையில் வளர்ந்ததோ அம்முறையிற் காண்டலே யாம் கருதும் ஒழுங்காம். இதற்கு உயிராவது நீர். ஆகவே, சனிக்கிழமை காலையில், கூட்டம் பெருகுமுன், உரோமர் நீராடுதுறைக்குச் செல்க. மலைகளிற் பெய்த மழைநீர் நிலத்தினடியில் மிக ஆழ்ந்து, ஆண்டுள்ள வெப்பத்தாற் சூடேறிப் பாறை வெடிப்புக்களின் வழியே மேலெழுகின்றது. 46 பாகை வெப்பத்துடன் நாடோறும் 10 இலட்சம் லிட்டருக்கு மேல் ஊறும் இவ்வூற்றினருகே, உரோமர் கி. பி. முதல் நூற்றாண்டில் சூலிஸ் மினர்வா என்னும் தெய்வத்திற்குக் கோயிலும், நீராடக் குளமும் எடுத்தனர். பொருளைக் களவு கொடுத்தோர், கள்வனை ஒறுக்குமாறு அத்தெய்வத்தை வேண்டி எழுதி ஊற்றிலிட்ட தகடுகள் ஏறத்தாழ 130 கிடைத்துள்ளன. கையுறை இரண்டை இழந்தானொருவனது முறையீடும் அவற்றுள் ஒன்று. அப்பழங்குளத்தில் இன்று நீராடல் ஆகாது. விழைவார்க்கு 2006-ஆம் ஆண்டிற் றிறக்கப்பெற்ற புதிய நீராடுமனை அண்மையில் உளது.

நீராடுதுறையை அடுத்து நிற்பது பெருந்தேவாலயம். இவ்விடத்திருந்த பழைய ஆலயத்திலே 973-ஆம் ஆண்டில் எட்கார் மன்னன் முடிசூடினான். இப்போதுள்ள ஆலயம் 1499-ஆம் ஆண்டளவில் ஆலிவர் கிங் என்னும் அத்தியட்சரால் தொடங்கப்பெற்றது. அவர் கண்ட கனவின்படி, ஏணிகளில் ஏறியிறங்கும் தேவதூதர் அதன் மேற்கு முகப்பிற் செதுக்கப்பட்டுள்ளனர் என்ப.

பதினெட்டாம் நூற்றாண்டிற் செல்வர் இந்நீரை நாடித் திரண்டனர். பிணியுற்ற வறியோரும் வந்தனர். அவ்வறியோர்க்கென ஒரு மருத்துவமனை 1742-ஆம் ஆண்டிற் றிறக்கப்பெற்றது. ஜான் உட் என்னும் சிற்பி அதன் அமைப்பை வரைந்தார். ரால்ப் ஆலன் கல் வழங்கினார். விருந்தும் ஆடலும் நடத்திய போ நாஷ் பொருள் திரட்டினார். இன்று அம்மனையிற் பிணியாளர் இலர்; எனினும், அதன் முன் சிறிது நின்று செல்க.

ஞாயிறன்று வட்டமனைகளையும் பிறைமனைகளையும் காண்க. முன்னது அவ்வுட் என்பாரால் 1754-ஆம் ஆண்டிற் றொடங்கப்பெற்றது. பின்னது அவர் மைந்தரால் 1767 முதல் 1774 வரை எடுக்கப்பெற்றது. பொன்னிறக் கல்லாலாகிய 30 வீடுகள் ஒரே மாளிகைபோல் வளைந்து நிற்கும் காட்சிக்குக் கட்டணமில்லை. மாலையில், இருமருங்கும் கடைகள் நிறைந்த புல்ட்டினி பாலத்தைக் கண்டு மீளலாம்.

பிறைமனைகளை மட்டும் கண்டவன் செல்வத்தையே கண்டவனாவன். ஊற்றையும் மருத்துவமனையையும் முன்னர்க் கண்டவனோ, செல்வரையும் வறியரையும் ஒருங்கே ஈர்த்தது அந்நீரே என்பதை உணர்ந்து மீள்வன். இருநாட் செலவிற்கு இப்பயன் போதுமென்பது எம் துணிபு.