மாயக் கையும் முகம் பார்க்கும் கண்ணாடியும்

ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரிக்கரையில், தாழ்ந்த கிளையொன்றில் மீன்கொத்தி அமர்ந்திருக்கிறது. அதனைச் சிறுவன் ஒருவன் காண்கிறான். பறவையின் உருவம் அவனுடைய இரு கண்களிலும் தனித்தனியே விழுகின்றது. அவ்விரு உருவங்களும் முற்றும் ஒத்தவை அல்ல. ஆயினும் அவன் காண்பது ஒரே பறவை. கிளை முன்னும் நீர் பின்னும் இருப்பதும் அவனுக்கு உடனே விளங்குகின்றது. இவ்வாறு இரண்டை ஒன்றாக்கி, அண்மை சேய்மைகளை அறிவிப்பது கண்ணன்று, மூளையே.

மூளை இதனை எங்ஙனம் செய்கின்றது? இவ்வினா சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அவரே 1951ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன். இருகண் பார்வை பற்றிய அவரது ஆய்வு, அவர் மருத்துவம் பயின்ற காலத்திலேயே ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கில இதழில் இடம்பெற்றது. பின்னர் அவர் கேம்பிரிட்ஜ் சென்று, டிரினிட்டிக் கல்லூரியில் ஆராய்ந்து, 1978இல் முனைவர் பட்டம் பெற்றார்.

மருத்துவப் பட்டம் வேறு. முனைவர் பட்டம் வேறு. முன்னது பிறர் கண்டறிந்தவற்றைக் கற்று நோய் தீர்ப்பதற்கு உரியது. பின்னதற்கோ, எவரும் அறியாத ஒன்றைக் கண்டு, அதனை வல்லுநர் முன் நிறுவுதல் வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் செல்லும். செய்த சோதனை பொய்த்துப்போவதும் உண்டு. விலையுயர்ந்த கருவி இருந்தால் போதும் என எண்ணுவோர் பலர். கூரிய வினா இல்லாதவனுக்குக் கருவி என்ன செய்யும்?

இராமச்சந்திரனின் பிற்கால ஆய்வே இதற்குச் சான்று. விபத்தில் கையிழந்தோர் பலர், அக்கை இன்னும் இருப்பதாகவே உணர்வர். சிலருக்கு அம்மாயக் கையின் விரல்கள் இறுக மூடி, நகங்கள் உள்ளங்கையில் பதிவது போன்ற கொடிய வலி உண்டாகும். இல்லாத கைக்கு மருந்திடுவது எப்படி?

கலிபோர்னியாவின் சான்டியாகோ நகரில், கையிழந்த இளைஞர் ஒருவரின் கண்ணைக் கட்டி, அவர் முகத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் இராமச்சந்திரன் தொட்டார். இழந்த விரல்களைத் தொடுவதாக இளைஞர் உணர்ந்தார்! மூளையின் மேற்பரப்பில் கையின் உணர்வுக்குரிய பகுதியை அடுத்தே முகத்திற்குரிய பகுதி அமைந்துள்ளது. கையிலிருந்து செய்தி வருவது நின்றதும், முகத்தின் செய்திகள் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டன என்று அவர் விளக்கினார்.

அடுத்து, ஒரு பெட்டியின் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். நோயாளி தம் நல்ல கையை அதன் முன் வைத்து விரித்தால், கண்ணாடியில் தோன்றும் நிழலுரு, இழந்த கையே விரிவது போலக் காட்டும். அதனைக் கண்ட சிலருக்கு மாயக் கையின் பிடி தளர்ந்தது, வலியும் தணிந்தது. எல்லார்க்கும் அவ்வாறு நிகழவில்லை.

அவர் கூறிய விளக்கமும் ஐயத்திற்கு உட்பட்டது. 2013இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், கையிழந்தோர் மூளையிலும் கைக்குரிய பகுதி பெரிதும் அழியாமல் நிற்பதைக் கண்டனர். மாயக் கையை அசைக்க முயல்கையில் அப்பகுதி இயங்கியது. வலி மிகுந்தவரிடம் மிகுதியாகவே இயங்கியது. ஆயின், முகத்தைத் தொட்டபோது கை உணர்ந்தது எதனால்? இளம் ஆய்வாளர்கள் இதனை இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.