பெய்ரூத் புகட்டும் பாடம்

மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில், லெபனான் மலையடிவாரத்தில் அமைந்த தொன்மையான துறைமுக நகரம் பெய்ரூத். பினீஷியர் காலத்திலேயே அங்கு மரக்கலங்கள் வந்து சென்றன. ரோமானியர் ஆட்சியில் அதன் சட்டக் கல்லூரி பெரும்புகழ் பெற்றிருந்தது. கி.பி. 551இல் நேர்ந்த நிலநடுக்கம் நகரை அழித்தது. மீண்டும் எழுந்த அந்நகரம் 1920இல் தலைநகராயிற்று. 1943இல் லெபனான் விடுதலை பெற்றது.

எனினும் நமக்குப் பெய்ரூத் என்றவுடன் நினைவுக்கு வருபவர்கள், அங்கு அடங்கியிருக்கும் இமாம் அவ்ஸாயீ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 88இல் பஅலபக்கில் பிறந்த அவர்கள், எல்லைக் காவல் பட்டினமாக விளங்கிய பெய்ரூத்தில் குடியேறி, ஹிஜ்ரி 157இல் அங்கேயே மறைந்தார்கள். அவர்களது மத்ஹப் ஷாம் தேசத்திலும் ஸ்பெயினிலும் ஒரு காலத்தில் பரவியிருந்தது.

அக்காலத்தில் லெபனான் மலையில் வாழ்ந்த கிறிஸ்தவர்களுள் சிலர் வரிக் கொடுமைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அப்பாஸிய ஆளுநர் ஸாலிஹ் இப்னு அலீ, கிளர்ச்சியில் சேராதவர்களையும் ஊரைவிட்டு வெளியேற்றினார். இமாம் அவர்கள் வாளாவிருக்கவில்லை. சிலர் செய்த குற்றத்திற்குப் பலரைத் தண்டிப்பது எங்ஙனம் நீதியாகும் என்று ஆளுநருக்கே கடிதம் எழுதினார்கள். ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்ற இறைநெறியையும், உடன்படிக்கை செய்துகொண்டோருக்கு அநீதி இழைப்பவருக்கு எதிராகத் தாமே வாதாடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும் அதில் நினைவூட்டினார்கள். குடிமக்களின் உயிரும் உடைமையும் ஆள்வோரிடம் உள்ள அமானிதம் என்பதே அக்கடிதத்தின் சாரம்.

அதே பெய்ரூத்தில், 2020 ஆகஸ்ட் 4ஆம் நாள் என்ன நிகழ்ந்தது? 2013இல் கப்பலில் வந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்காகத் தேங்கிக் கிடந்தது. அபாயத்தை உணர்த்தும் கடிதங்கள் அதிகாரிகளிடையே நடந்தன; அகற்றத்தான் எவருமில்லை. அது வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வீடிழந்தனர். அச்செய்தி கேட்ட பிறகே, 2015இல் கைப்பற்றப்பட்டுச் சென்னை மணலியில் வைக்கப்பட்டிருந்த சுமார் 700 டன் அதே பொருள் ஐதராபாத்துக்கு அகற்றப்பட்டது.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் பணிக்கிறது. பொருளைத் திருடுவது மட்டுமன்று, பொறுப்பை ஏற்றுக்கொண்டு பாராமுகமாக இருப்பதும் மோசடியே.

காந்திகிராமத்தைச் சூழ்ந்த நம் திண்டுக்கல் சமவெளியில் கடலில்லை, துறைமுகமும் இல்லை. ஆயினும் அநாதையின் சொத்து, பள்ளிவாசலின் கணக்கு, அண்டை வீட்டார் நம்பிக் கொடுத்துச் சென்ற சாவி ஆகிய ஒவ்வொன்றும் நம் கையிலுள்ள அமானிதமே. நாளை பார்க்கலாம் என்று நாம் தள்ளிவைத்திருக்கும் பொறுப்பு எது? இந்த ஜும்ஆ நாளில் அதனை எண்ணிப் பார்த்து, இன்றே நிறைவேற்றுவோமாக. வல்ல அல்லாஹ் அதற்கு நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.