மெக்டொனால்ட்ஸ் மாதிரி ஒரு லா ஃபர்ம்: பேக்கர் மெக்கென்சி வளர்ந்த கதை

வக்கீல் ஆபீஸ் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு போர்டு. உள்ளே ஒரு சீனியர், நாலு ஜூனியர், ஒரு குமாஸ்தா. அதே தொழிலை 40-க்கும் மேற்பட்ட நாடுகளில், 70-க்கும் மேற்பட்ட அலுவலகங்களில் நடத்துகிறது பேக்கர் மெக்கென்சி. எப்படி?

1949-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ரஸ்ஸல் பேக்கர், ஜான் மெக்கென்சி இருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் இது. மெக்கென்சி, கோர்ட்டில் வாதாடுவதில் கெட்டிக்காரர். பேக்கர், நியூ மெக்சிகோவில் வளர்ந்தவர். சிகாகோவில் வசித்த மெக்சிகோ மக்களின் வழக்குகளைப் பார்த்துத்தான் தொழிலையே ஆரம்பித்தார். எல்லை தாண்டிய பிரச்சினைகளைக் கையாள ஒரு நிறுவனம் வேண்டும் என்பது அவரது நீண்ட நாள் ஆசை.

நேரமும் கைகொடுத்தது. போர் முடிந்து, அமெரிக்க கம்பெனிகள் வெளிநாடுகளில் கால் பதித்துக்கொண்டிருந்தன. அபாட் போன்ற மருந்து நிறுவனங்களுக்கு அந்தந்த நாட்டு வரி, ஒப்பந்தம், டிரேட்மார்க் எல்லாம் பார்த்துத்தர ஆள் வேண்டும். 1955-ல் வெனிசுலாவின் கராகஸில் முதல் வெளிநாட்டு அலுவலகம் திறந்தது. அடுத்த ஆறேழு ஆண்டுகளுக்குள் பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், லண்டன்.

உள்ளூர் ஆள்தான் பலம்

மற்ற பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டில் கிளை போட்டால், தங்கள் ஊர் வக்கீல்களைத்தான் அனுப்பிவைக்கும். பேக்கர் அந்தந்த நாட்டு வக்கீல்களையே எடுத்து, பங்குதாரர் ஆக்கினார். சம்பள ஆள் இல்லை, பங்குதாரர்! போட்டியாளர்கள் இதை 'மெக்லா' என்று கிண்டலடித்தார்கள், மெக்டொனால்ட்ஸ் போல ஊருக்கு ஒரு கடை என்று. (தற்செயலாக, ரே கிராக் சிகாகோ புறநகரில் தன் முதல் மெக்டொனால்ட்ஸைத் திறந்ததும் அதே 1955-ல்தான்.)

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும். பாரிஸ் அலுவலகத்தில் 1981-ல் சேர்ந்த ஒரு பிரெஞ்சு வக்கீல், 1999-ல் மொத்த நிறுவனத்துக்கும் முதல் பெண் தலைவர் ஆனார். பின்னாளில் ஐ.எம்.எஃப்., ஐரோப்பிய மத்திய வங்கி இரண்டுக்கும் தலைமை ஏற்ற கிறிஸ்டின் லகார்ட்தான் அவர்.

ஆனால் பேர் ஒன்று என்றால் கெட்ட பேரும் ஒன்றுதான். 1986-ல் எய்ட்ஸ் பாதித்த இளம் வக்கீல் ஒருவர் நியூயார்க் அலுவலகத்திலிருந்து நீக்கப்பட்டார். நோய் காரணமல்ல என்றது நிறுவனம். அந்த மாநில மனித உரிமை அமைப்போ இது பாகுபாடுதான் என்று 1993-ல் முடிவு செய்து, 5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. அதற்குள் அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நிறுவனம் மேல்முறையீடு செய்து, பிறகு சமரசத்துக்கு வந்தது.

ஒரே பேர், தனித்தனி கம்பெனி

2004-ல் நிறுவனம் 'ஸ்விஸ் ஃபெரைன்' அமைப்புக்கு மாறியது. அப்படின்னா? சுவிட்சர்லாந்து சட்டப்படி ஒரு சங்கம், அவ்ளோதான். கால்பந்தை நடத்தும் ஃபிஃபாவும் அந்நாட்டுச் சட்டப்படி ஒரு சங்கம்தான். பெயரும் பிராண்டும் பொது. உறுப்பினர் நிறுவனங்கள் சட்டத்தின் பார்வையில் தனித்தனி. ஒன்றின் கடனோ வழக்கோ இன்னொன்றின் தலையில் விழாது. கழற்றிவிடுவதும் சுலபம். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும், ரஷ்ய அலுவலகங்கள் பிரிந்து தனி நிறுவனமாகிவிட்டன.

என் பார்வையில் இதன் சிக்கல் கட்சிக்காரருக்குத்தான். உலகளாவிய பெயரை நம்பி வருகிறார். தவறு நடந்தால் பொறுப்பு உள்ளூர் நிறுவனத்தோடு நின்றுவிடலாம்.

சரி, இந்தியாவில்?

இங்கே பேக்கர் மெக்கென்சிக்கு அலுவலகம் இல்லை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு எதிராக வழக்கறிஞர் ஏ.கே.பாலாஜி 2010-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே தொழில் செய்ய முடியாது. எப்போதாவது வந்து தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம் என்று 2018-ல் தீர்ப்பு வந்தது.

2023-ல் இந்திய பார் கவுன்சில் கதவைக் கொஞ்சம் திறந்தது. பதிவு செய்துகொண்டால் வெளிநாட்டுச் சட்டம், சர்வதேசச் சட்டம் பற்றி ஆலோசனை தரலாம். கோர்ட்டில் ஆஜராக முடியாது. அவர்கள் நாடும் நம் வக்கீல்களை அனுமதிக்க வேண்டும். இந்த விதிகள் 2025 மே மாதம் திருத்தப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் பார் கவுன்சில் ஒரு எச்சரிக்கையும் விட்டது: ஸ்விஸ் ஃபெரைன் போன்ற ஏற்பாடுகள் வழியாக இந்திய நிறுவனங்களோடு கைகோத்து, பதிவு இல்லாமல் ஒரே பிராண்டாக இங்கே இயங்கக் கூடாது என்று.