துப்பாக்கிக்கு 'சைலன்சர்': அமெரிக்காவில் மலிவு விலைப் போட்டி! கடையம் வயலிலோ சத்தம்தான் காவல்!!

கடையம்,

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கடையம். மகாகவி பாரதியின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர்.

ராத்திரி ஆகிவிட்டால் போதும். காட்டுப்பன்றிகள் கூட்டம் கூட்டமாக வயலுக்கு இறங்கும். விடிந்து போய்ப் பார்த்தால் பயிர் இருந்த இடம் உழுது போட்ட மாதிரி கிடக்கும்.

விவசாயிகள் என்ன செய்வார்கள்? தகர டின்னைத் தட்டுவார்கள். வெடி போடுவார்கள். பயிர்க் காவலுக்கு லைசென்சு பெற்ற துப்பாக்கி இருந்தால் ஒரு வெற்றுவேட்டு. அந்தச் சத்தத்தில் பன்றிகள் ஓட்டம் பிடிக்கும்.

இங்கே சத்தத்துக்காகத் துப்பாக்கி. அமெரிக்காவிலோ துப்பாக்கிச் சத்தத்தைக் குறைப்பதற்காக ஜனங்கள் காசைக் கொட்டுகிறார்கள்!

அப்பாவும் மகனும்

துப்பாக்கிக் குழாயின் முனையில் மாட்டும் 'சைலன்சர்' கருவிக்கு 1909-ல் காப்புரிமை வாங்கியவர் ஹிராம் பெர்சி மாக்சிம். இவருடைய அப்பாதான் மாக்சிம் மெஷின் கன்னைக் கண்டுபிடித்தவர். அப்பா படபடவென்று வெடிக்க வைத்தார். மகன் வாயைப் பொத்தினார்!

கருவியின் உள்ளே அடுக்கடுக்காகத் தடுப்புகள். குண்டுக்குப் பின்னால் சீறி வரும் வாயு அவற்றில் மோதி, வேகம் தணிந்து வெளியே வரும். மோட்டார் வண்டி சைலன்சரும் ஏறக்குறைய இதே வேலைதான் செய்கிறது.

சினிமாவில் வில்லன் சுட்டால் 'டப்' என்று ஒரு சத்தம்தான் கேட்கும். அதெல்லாம் சினிமா! சுமார் 160 டெசிபல் சத்தத்தை 130 டெசிபல் பக்கம் இறக்கும், அவ்வளவுதான். காது செவிடாகாமல் தப்பிக்கலாம். அதற்காகவே நார்வே, நியூசிலாந்து வேட்டைக்காரர்கள் இதைச் சாதாரணமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

25 ஆயிரமா? ஒரு லட்சமா?

அமெரிக்காவில் 42 மாநிலங்களில் இதை வாங்கலாம். மலிவு சரக்கு 300 டாலர் சுமாருக்குக் கிடைக்கும். நம்ம ஊர்க் காசுக்கு 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல். பெரும்பாலும் அலுமினியம், சின்ன ரகத் துப்பாக்கிக்குச் சரி. ஒசத்தி சரக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். டைட்டானியம் என்றால் கனம் குறைவு. 'இன்கனல்' என்ற கலப்பு உலோகம் என்றால் தொடர்ந்து சுட்டாலும் சூடு தாங்கும்.

மலிவு சரக்கை இத்தனை நாள் அமுக்கி வைத்திருந்தது வரி. 1934-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் வரி. 300 டாலர் சாமானுக்கும் 200, ஆயிரம் டாலர் சாமானுக்கும் அதே 200! 'வரியைக் கட்டித் தொலைக்கிறோம், நல்லதாகவே வாங்குவோம்' என்றுதானே யாருக்கும் தோன்றும்?

2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். கைரேகை, பதிவு எல்லாம் அப்படியே இருக்கிறது. காசு மட்டும் கிடையாது. இனிமேல் மலிவு சரக்குக்குத்தான் யோகம்.

இங்கே கிடையாது

இந்தியாவில் இந்த வியாபாரத்துக்கே இடமில்லை. சத்தத்தையும் தீப்பொறியையும் குறைக்கும் கருவிகளை, தடை செய்யப்பட்ட துப்பாக்கிகளோடு ஒரே வகையில் வைத்திருக்கின்றன ஆயுத விதிகள். கலெக்டர் ஆபீசில் மனுப்போட்டு வாங்கும் சமாச்சாரம் அல்ல. மத்திய அரசு பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. ராணுவமும் கமாண்டோ படையும்தான் இங்கே வாடிக்கையாளர்கள்.

இதில் நியாயமும் இருக்கிறது. கடையம் வனச்சரகம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. காட்டுக்குள் வேட்டு கேட்டால் காட்டிலாகாவினர் ஓடுவார்கள். சத்தம் அடங்கிவிட்டால் கள்ள வேட்டைக்காரனுக்குக் கொண்டாட்டம்தான்!

விவசாயியின் துப்பாக்கிக்கும் அது பொருந்தாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கு என்று சொல்வது, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைத்தான். அதன் வாயில் மூடியை மாட்டினால் மருந்தை எந்த வழியாகப் போடுவது?

"சத்தம் கேட்டாத்தானவே பன்னி ஓடும்? சத்தமே இல்லைன்னா அது என்னத்துக்கு ஓடுது?" கடையத்துக்காரர்களிடம் சைலன்சர் கதையைச் சொன்னால் இப்படித்தான் கேட்பார்கள்.

ஒரு கிலோ மீட்டர்

பன்றியைச் சுடவும் விவசாயிக்கு உரிமை இல்லை. தமிழக அரசு 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாடு செய்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம். சுட வேண்டியது வனத்துறை. ஒன்று முதல் 3 கிலோ மீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோ மீட்டருக்குள் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது.

மலையை ஒட்டியே வயல் வைத்திருப்பவன் பாடு? பன்றி முதலில் வருவது அவன் வயலுக்குத்தான்!

அவனிடம் மிச்சம் இருப்பது அந்த வேட்டுச் சத்தம். தேர்தல் வந்துவிட்டால் லைசென்சு துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வாக்கு எண்ணி முடித்துத் துப்பாக்கி திரும்பி வரும்வரை தகர டின்தான்.