எஃகைத் தின்னும் தண்ணீர்

ஊட்டியிலிருந்து எமரால்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, வழியில் கேரட் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் ஏரி என்று நினைப்பது மின்வாரியத்தின் நீர்த்தேக்கம். எமரால்டு, அவலாஞ்சி என அணைகள் இரண்டு. தேங்கி நிற்கும் தண்ணீர் ஒன்று. பசும்புல்லும் தேயிலையும் சூழ அசையாமல் கிடக்கும் அந்தத் தண்ணீருக்கு, மலையை விட்டு இறங்குவதற்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

மேலே அப்பர் பவானியில் தேங்கும் நீர் ஒரு மின்நிலையத்தை ஓட்டிவிட்டுத்தான் இங்கே வந்து சேர்கிறது. இங்கிருந்து குந்தா பாலம், அடுத்து கெத்தை, பிறகு பரளி, கடைசியில் பில்லூர். ஒரே தண்ணீர் ஐந்து இடங்களில் டர்பைனைச் சுற்றுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டர் உயரத்தை ஒட்டித் தொடங்கும் இந்த இறக்கம் சுமார் 400 மீட்டர் உயரத்தில் முடிகிறது. பார்சன்ஸ் வேலி நிலையத்தையும் சேர்த்தால் குந்தா திட்டத்தின் ஆறு மின்நிலையங்களின் மொத்தத் திறன் 585 மெகாவாட். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த உதவியோடு 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை இது.

இயந்திரப் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு இயந்திர உறுப்புகள், அசைவு, பாய்மங்களின் ஓட்டம் ஆகியவை தனித்தனிப் பாடங்கள், தேர்வும் தனித்தனி. மலையடிவாரத்து பவர் ஹவுஸில் அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது. ஓடுவது தண்ணீர், அசைவது சக்கரம், விரிசல் விடுவது சக்கரத்தின் ஓர் உறுப்பு. ஒன்று கெட்டால் மற்ற இரண்டையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். தண்ணீர் எஃகை எப்படிச் சிதைக்கிறது, அதை எவ்வளவு காலம் தள்ளிப்போடலாம் என்பதுதான் டர்பைன் பொறியியல் நூறாண்டுக்கு மேலாக விடை தேடிவரும் கேள்வி. கேள்வி பழையது, ஆனால் அண்மையில் அதன் கடுமை கூடிவிட்டது.

நீலகிரியின் பெரிய மின்நிலையங்களில் மூத்தது பைக்காரா. 1932-ல் மின்சாரம் தரத் தொடங்கியபோது, தண்ணீர் விழும் உயரத்துக்காகவே அது உலகெங்கும் பேசப்பட்டது: சுமார் 3,080 அடி, அதாவது ஏறக்குறைய 940 மீட்டர். மேலே கிளன்மார்கனிலிருந்து கீழே மின்நிலையம் இருக்கும் சிங்காராவுக்கு விஞ்ச் எனும் கம்பிவட இழுவண்டி இறங்கும் சரிவைப் பார்த்தவர்களுக்கு அந்த உயரம் என்னவென்று புரியும். அவ்வளவு உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரின் அழுத்தம், அடிவாரத்தில் காற்றழுத்தத்தைப் போல் 90 மடங்கைத் தாண்டும். குழாயின் முனையில் உள்ள நாசில் எனும் குறுகிய வாய் வழியாக வெளியே வரும்போது அந்த அழுத்தம் முழுவதும் வேகமாக மாறுகிறது. உராய்வில் போவதைக் கழிக்காமல் கணக்கிட்டால் மணிக்கு 480 கிலோமீட்டருக்கு மேல்.

இந்த வேகத்தில் பாயும் தண்ணீரைப் பிடிக்கப் பிறந்ததுதான் பெல்டன் சக்கரம். கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கப் பகுதியில் தச்சராகவும் ஆலை இயந்திரங்களை அமைப்பவராகவும் வேலை பார்த்த லெஸ்டர் பெல்டன், அதற்கு 1880-ல் காப்புரிமை பெற்றார். சக்கரத்தின் விளிம்பெங்கும் கிண்ணங்கள்; மின்நிலையத்தில் அவற்றை ‘பக்கெட்’ என்பார்கள். ஒவ்வொரு பக்கெட்டும் நடுவில் ஒரு கூர்மையான வரப்பால் இரண்டாகப் பிரிந்திருக்கும். பாய்ந்து வரும் தண்ணீர் அந்த வரப்பில் மோதி இரு பக்கமும் சமமாகப் பிரிந்து, கிண்ணத்தின் வளைவில் திரும்பி வெளியேறுகிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீர் மணிக்கு 480 கிலோமீட்டரில் வருகிறது, பக்கெட் அதே திசையில் 240-ல் ஓடுகிறது என்று வையுங்கள். பக்கெட்டைப் பொறுத்தவரை தண்ணீர் 240-ல்தான் வருகிறது. வளைவில் திரும்பி 240-ல் பின்னோக்கிப் போகிறது. ஆனால் பக்கெட்டே 240-ல் முன்னால் போய்க்கொண்டிருக்கிறதே! ஆகவே தரையில் நிற்பவர் கண்ணுக்கு அந்தத் தண்ணீர் கிட்டத்தட்ட வேகமே இல்லாமல் கீழே சொட்டும். கொண்டுவந்த ஆற்றலையெல்லாம் சக்கரத்திடம் கொடுத்துவிட்டது என்று பொருள். முழுக்க 180 பாகை திருப்பினால் வெளியேறும் தண்ணீர் பின்னால் வரும் பக்கெட்டின் முதுகில் அடிக்கும். அதனால் 165 பாகையை ஒட்டித் திருப்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1883-ல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு போட்டியில் பெல்டனின் சக்கரம் 90 சதவீதத் திறனைத் தொட்டது; மற்ற சக்கரங்கள் வெகுவாகப் பின்தங்கின.

90 சதவீதத்தை அப்போதே தொட்டாகிவிட்டது என்றால், இத்தனை ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்களுக்கு என்ன வேலை?

நிமிடத்துக்கு 600 முறை சுற்றும் சக்கரம் ஒன்று. அதற்கு ஒரே ஒரு நாசில். ஒவ்வொரு பக்கெட்டும் சுற்றுக்கு ஒருமுறை அடி வாங்குகிறது. ஒரு மணி நேரத்தில் 36,000 அடி, ஒரு நாளில் 8,64,000, நிறுத்தாமல் ஓட்டினால் ஆண்டுக்கு 31 கோடிக்கு மேல். ஒரே அடியில் எஃகு உடையாது. ஆனால் வார்ப்பின்போது உள்ளே தங்கிப்போன ஒரு சிறு துளை, சாணை பிடித்ததில் விழுந்த ஒரு கீறல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். அங்கே தொடங்கும் மயிரிழை விரிசல் அடிக்கு அடி நகரும். உலோகக் களைப்பு என்று இதைச் சொல்வார்கள். பக்கெட் சக்கரத்தோடு சேரும் அடிப்பகுதிதான் இதற்கு அதிகம் இலக்காகிறது. வருடாந்தரப் பராமரிப்பின்போது அந்த இடத்தில் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் ஊறி வெளியே வந்து, வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய வார்ப்பெஃகின் இடத்துக்கு இன்று 13 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் நிக்கலும் கலந்த துருவேறா எஃகு வந்திருப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

சக்கரத்துக்கு அடிகள் என்றால், குழாய்க்கு வேறு ஆபத்து. வீட்டில் வேகமாக ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென நிற்க நேர்ந்து, அதன் உந்தம் அழுத்த அலையாக மாறிக் குழாயில் முன்னும் பின்னும் ஓடுகிற சத்தம் அது. மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்த நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி 1898-ல் இதற்கு ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். எஃகுக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தை ஒரேயடியாக நிறுத்தினால், 100 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தம் கூடுதலாக ஏறும். மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பென்ஸ்டாக் குழாயில் ஓடும் வேகமோ நொடிக்குப் பல மீட்டர்.

எங்கோ மின்கம்பி அறுந்து சுமை திடீரென நின்றுவிட்டால், சக்கரம் கட்டுமீறி ஓடாமலிருக்க நாசிலிலிருந்து பீறிடும் ஜெட்டை உடனே நிறுத்தியாக வேண்டும். உடனே நிறுத்தினால் குழாய் வெடிக்கும். இந்தத் தர்மசங்கடத்துக்குப் பொறியாளர்கள் கண்ட வழி அழகானது. நாசிலின் முன்னால் ஒரு தடுப்புத் தகடு நொடிப்பொழுதில் இறங்கி, ஜெட்டைச் சக்கரத்தின் மேல் படாமல் திருப்பிவிடும். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, நாசிலுக்குள்ளிருக்கும் ஊசி மெதுவாக, நிதானமாக மூடும். சக்கரமும் தப்பிக்கிறது, குழாயும் தப்பிக்கிறது. உயர்ந்த அழுத்தத்தில் குழாய் பிளந்தால் என்ன ஆகும் என்பதை 2000 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பியூட்ரோன் நிலையம் காட்டியது. 1,880 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்த குழாய் மலைச்சரிவில் கிழிந்து மூன்று பேர் இறந்தார்கள். நிலையம் மறுபடியும் முழுமையாக ஓடப் பத்தாண்டுகள் பிடித்தன.

இனி கொதிக்கிற தண்ணீர். எமரால்டில் அரிசி வேகக் கூடுதல் நேரம் ஆகும் என்பது அங்கே அடுப்பு மூட்டும் எல்லோருக்கும் தெரியும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால், குளிர்ந்த தண்ணீரும் கொதிக்கும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் வகை டர்பைன்களின் இறக்கைகள் மேல் தண்ணீர் விரைந்து வழுக்கும் இடங்களில் இதுதான் நடக்கிறது. அழுத்தம் இறங்கி ஆவிக்குமிழிகள் பிறக்கின்றன. அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் நொறுங்குகின்றன. ஒரு குமிழி நொறுங்கும்போது மிகமிகச் சிறிய இடத்தில் பிரம்மாண்டமான அழுத்தம் உண்டாகும். கோடிக்கணக்கான குமிழிகள் நொறுங்கினால் எஃகின் மேற்பரப்பு கறையான் அரித்த கட்டையாகிவிடும். கப்பல் சுழலிகள் இந்தக் குமிழிகளால் உந்துவிசை இழப்பதைக் கண்ட சார்லஸ் பார்சன்ஸ், இதை ஆராய்வதற்கென்றே 1895-ல் ஒரு சிறு தொட்டியைக் கட்டினார். ராலே பிரபு 1917-ல் குமிழி நொறுங்குவதன் கணிதத்தை எழுதினார்.

சமவெளியில் வைக்கும் டர்பைனை விட மலைமேல் வைக்கும் டர்பைனை இன்னும் ஆழத்தில் பதிக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். காற்று தராத அழுத்தத்தைத் தண்ணீர்தான் தந்தாக வேண்டும்.

போதாக்குறைக்கு மணல். இமாசலத்தில் சட்லஜ் மேல் கட்டப்பட்ட 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நிலையம் ஓடத் தொடங்கிய வேகத்திலேயே, ஆற்றின் குவார்ட்ஸ் துகள்கள் அதன் டர்பைன்களை அறுத்துத் தள்ளின; டங்ஸ்டன் கார்பைடு பூசித்தான் சமாளிக்க முடிந்தது. நீலகிரியின் பாறையும் சோலையும் புல்வெளியும் அந்த அளவுக்கு வண்டல் அனுப்புவதில்லை. ஆனால் சரிவுகளில் காய்கறிக்காக மண்ணைக் கிளறிய இடங்களிலிருந்து, மழைக்கு மழை மண் இறங்குகிறது. குந்தாவிலும் பில்லூரிலும் வண்டல் சேர்வது பழைய தலைவலி. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு அணைக்கு வரும் தண்ணீர், சுற்றுலாப் படங்களில் உள்ள தண்ணீர் அல்ல.

இவ்வளவையும் ஆராய இரும்பில் ஒரு முழு டர்பைன் செய்து பார்க்க யாருக்கும் கட்டுப்படியாகாது. சிறிய மாதிரி செய்து, ஆய்வகத்தில் ஓட்டி, ஒப்புமை விதிகளைக் கொண்டு பெரியதைக் கணிக்கிறார்கள். இந்தியாவில் ரூர்க்கி ஐ.ஐ.டி.யிலும் போபால் பெல் நிறுவனத்திலும் அதற்கான ஆய்வகங்கள் இருக்கின்றன. அரை சதவீத முன்னேற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பதைக் கேட்டால் சிரிப்பு வரலாம். 500 மெகாவாட்டில் அரை சதவீதம் என்பது 2.5 மெகாவாட் என்று கணக்குப் போட்டால் சிரிப்பு நின்றுவிடும். கணினியும் உதவுகிறது. ஆனால் பெல்டன் பக்கெட்டில் தண்ணீர் கிழிந்து, தெறித்து, காற்றோடு கலந்து சிதறுவதால், குழாய் ஓட்டத்துக்குப் பழகிய கணக்குமுறைகள் அங்கே திணறின. கைகொடுத்தது வானியல். விண்மீன்கள் தொடர்பான கணக்குகளுக்காக 1977-ல் உருவான முறை, பாய்மத்தை லட்சக்கணக்கான துகள்களாகக் கருதி ஒவ்வொன்றையும் பின்தொடர்கிறது. இப்போது அதே முறை ஒரு பக்கெட்டுக்குள் தண்ணீர் விரியும் விதத்தையும் வரைந்து காட்டுகிறது.

பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்ததும் அங்கே மில்கள் பெருகிய கதை பலருக்குத் தெரியும். மில்களுக்கு மோட்டார் வேண்டும், கிணறுகளுக்கு பம்ப் வேண்டும். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள். பம்ப் தொழில் கோவையின் அடையாளமாகவே ஆனது. டர்பைனுக்கும் பம்புக்கும் அடிப்படை இயற்பியல் ஒன்றுதான், திசைதான் எதிர். எமரால்டின் அடுத்த அத்தியாயம் இந்த இரண்டையும் ஒரே சக்கரத்தில் சேர்ப்பது: 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டம். மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி–எமரால்டு. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை எகிறும் நேரத்தில் இறக்குவார்கள். ஏற்றச் செலவான மின்சாரத்தில் இப்படிப்பட்ட நிலையங்கள் பொதுவாக நான்கில் மூன்று பங்கைத் திருப்பித் தரும். ஆனைமலையில் 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இதைச் செய்துவருகிறது.

கேள்வியின் கடுமை கூடியது இங்கேதான். பழைய டர்பைன்கள் ஒரே சீராக ஓடுவதற்கென்று வடிவமைக்கப்பட்டவை. காற்று அடங்கினாலும் வெயில் சாய்ந்தாலும் ஈடுகட்ட வேண்டிய இன்றைய இயந்திரமோ ஒரே நாளில் பலமுறை கிளம்பி, நின்று, திசை மாற வேண்டும். வடிவமைத்த அளவுக்குக் குறைவாக ஓடும்போது டர்பைனுக்குக் கீழே தண்ணீர் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு சுழன்று, கட்டுமானத்தையே உலுக்கும். ரஷ்யாவின் சயானோ–சூசென்ஸ்கயா நிலையத்தில், 2009 ஆகஸ்ட் 17 அன்று, சுமையை ஏற்றி இறக்கும் பொறுப்பு இரண்டாவது அலகின் தலையில் விழுந்திருந்தது. ஓட்டக் கூடாது என்று குறிக்கப்பட்ட எல்லையை அது திரும்பத் திரும்பக் கடந்தது. டர்பைனின் மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் பல முன்பே களைத்து விரிசல் விட்டிருந்தன. அவை அறுந்ததும் சக்கரம் மேலே எழும்பியது. 75 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, சீராக ஓடும் டர்பைனைவிட, கிளம்பும்போதும் நிற்கும்போதும் டர்பைனுக்கு என்ன ஆகிறது என்பதுதான் ஆய்வுக் கட்டுரைகளை நிரப்புகிறது. நார்வேயும் சுவீடனும் ஒரு மாதிரி டர்பைனின் அளவீடுகளை எல்லோருக்கும் திறந்துவைத்து, கணக்கிட்டுப் பாருங்கள் என்று உலகத்தையே அழைத்தன.

புதிய அலகு ஒன்றை ஏற்றுக்கொள்ளும் முன் நடக்கும் சோதனைகளில் கடுமையானது, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் சுமையை வேண்டுமென்றே அறுத்துவிடுவது. முதலில் கால் பங்குச் சுமையில், பிறகு பாதியில், முக்காலில், கடைசியாக முழுச் சுமையில். ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் வேகம் எவ்வளவு எகிறியது, பென்ஸ்டாக்கில் அழுத்தம் எவ்வளவு ஏறியது, தாங்கிகள் எவ்வளவு அதிர்ந்தன என்பதையெல்லாம் நொடியின் பின்னங்களில் பதிந்து, கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒப்பந்தத்தில் குறித்த வரம்பைத் தாண்டினால், எந்த அவசரமானாலும், தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கருவி மூடும் வேகத்தை மாற்றியமைத்துவிட்டு மறுபடியும் கால் பங்கிலிருந்து தொடங்குவார்கள்.